மூன்றாவது ஜோடி பல்பு

மஞ்சமேட்டு ஜீப் ஸ்டாண்டில் ஒரு மனிதன் தனக்குத் தலைவலி என்று சொன்னால் திரும்பிப் பார்க்க ஆள் கிடைக்காது. ஜீப்புக்கு ஏதோ கோளாறு என்று சொல்லட்டும், டீக்கடை பெஞ்சிலிருந்து பதினாலு வைத்தியர்கள் எழுந்து வருவார்கள். அதனால்தான் குருவிளா ஒரு நாள், ராத்திரி ஓட்டும்போது ரோடு சரியாகத் தெரிவதில்லை என்று வாயை விட்டபோது, பதினாலு பேரும் நேராகப் போய் ஜீப்பின் முகத்தைக் குனிந்து பார்த்தார்கள். குருவிளாவின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

குருவிளாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. காலையில் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப் போவதும், இருட்டுகிற நேரத்தில் அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்குவதும் அவர் தொழில். முப்பது வருஷமாக அந்த மலைப்பாதையில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்பது அவர் பெருமை. மஞ்சமேட்டுக் கோழிகள் எவ்வளவு சாமர்த்தியமானவை என்பது அவர் மனைவி ஏலிக்குட்டிக்குத்தான் தெரியும். சாயங்கால டிரிப்பில் முன் சீட்டில் அவள்தான் உட்கார்ந்திருப்பாள்.

ஸ்டாண்டின் தலைமை வைத்தியன் பைலி. அவனுக்கும் ஒரு ஜீப் உண்டு. அது பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் என்பதால் ஊரார் ஜீப்புகளைப் பற்றிச் சிந்திக்க அவனுக்கு நிறைய நேரம் கிடைத்தது.

"சேட்டா, இதுல இருக்கறது பல்பே இல்ல. கல்லறைத் திருநாளுக்கு ஏத்துற மெழுகுவர்த்தி" என்று தீர்ப்புச் சொன்னான்.

அப்படி வந்ததுதான் முதல் ஜோடி. நீலக் கண்ணாடி போட்ட ஹாலஜன். கட்டப்பனையில் வாங்கியது. பெட்டியின் மேல் ஒரு கார் நிலா வெளிச்சத்தில் பறந்துகொண்டிருந்தது. அந்தக் காருக்குப் பின்னால் ஏலக்காய் மூட்டையும் இல்லை, முன்னால் பள்ளமும் இல்லை. மாட்டிப் பார்த்ததில் ரோடு முழுக்க ஆஸ்பத்திரிப் பிணவறை மாதிரி நீலம் பாரித்ததே தவிர, குழி இருந்த இடத்தில்தான் இருந்தது, ஜீப்பும் அதில் இறங்கி ஏறித்தான் போயிற்று.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் ஏலிக்குட்டி மெதுவாக ஆரம்பித்தாள். "என்னங்க, ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வரலாமே. ஞாயித்துக்கிழமை ஸ்கூல்ல முகாம் போடறாங்களாம்."

"ஜீப்புக்கு முகாம் போட்டா சொல்லு" என்றார் குருவிளா. மறுநாளே இரண்டாவது ஜோடி வாங்கப் போனார்.

இரண்டாவது ஜோடி நூறு வாட். அதைச் சொன்னதும் பைலிதான். மாட்டின நாலாம் நாள் ஜீப்பின் முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. வயர் உருகி, பல்பு உட்காருகிற கிண்ணம் கருகி, பின்னால் இருந்த பெண்கள் எல்லாம் தோட்டத்தில் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று கூடையோடு குதித்தார்கள். பைலி வந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினான். வயர் உருகாமல் காக்கிற ரிலே போடாமல் யாராவது நூறு வாட் போடுவார்களா என்று ஆச்சரியப்பட்டான். முந்தின வாரம் யார் போடச் சொன்னது என்று அவனைக் கேட்க குருவிளாவின் நாகரிகம் இடம் கொடுக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தை நிமிர்த்திக் கொடுக்க ஊரே கடப்பாரையோடு நின்றது.

ஏலிக்குட்டிக்கு இது பல்பு இல்லை என்பது மூன்று வருஷமாகவே தெரியும். மூன்று வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில், பெண்களை இறக்கிவிட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவள் வாய்க்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தாள். சின்னப் பாலத்துக்கு முன்னால் ரோடு இடப்பக்கம் திரும்பியது. குருவிளா திரும்பவில்லை. "மரியே!" என்று அவள் தொண்டையிலிருந்து கிளம்பிய சத்தத்தில் அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். பாலத்துக் கட்டைக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாண்தான் மிச்சம். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அந்த அளவுக்காவது பக்குவம் வந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு அவள் ஜெபத்தை வாய்விட்டே சொன்னாள். இடது வளைவுக்கு "அருள் நிறைந்த மரியே" பலமாக வரும். வலது வளைவுக்கு "அர்ச்சிஷ்ட மரியாயே". பள்ளம் வந்தால் அங்கேயே "ஆமென்". எதிரே லாரி வந்தால் மட்டும் "எங்கள் மரண நேரத்திலும்" என்று இழுத்துச் சொல்வாள். மாதாவுக்கு இதெல்லாம் புரியும், அவளும் ஒரு தச்சனுக்கு வாழ்க்கைப்பட்டவள்தானே என்று ஏலிக்குட்டி சமாதானப்பட்டுக்கொண்டாள். பங்கு அச்சன் ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் அவள் பக்தியைப் பாராட்டியே பேசினார்.

முப்பது வருஷமாகக் குடும்ப ஜெபத்தில் ஜெபமாலையின் இரண்டாம் பத்து முடிவதற்குள் குறட்டை விடுகிற குருவிளா, ஜீப்பில் மட்டும் ஜெபத்துக்குக் காது கொடுத்தார். ஒரு நாள் தொண்டை கட்டி அவள் சும்மா உட்கார்ந்திருந்தபோது வண்டியைக் கிளப்பாமல், "என்ன, இன்னைக்கு ஜெபம் இல்லையா?" என்று கேட்டார். மனுஷனுக்குக் கடைசியில் தெய்வ பயம் வந்துவிட்டது என்று அவள் உருகிப்போய், இஞ்சியைக் கடித்துக்கொண்டு கரகரத்த குரலில் ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியையும் சொல்லி முடித்தாள்.

வெளியே சொல்ல முடியுமா? குருவிளாவுக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாது என்று ஒருத்தி காதில் விழுந்தால் போதும், மறுநாள் காலை தோட்டத்துப் பெண்கள் பைலியின் ஜீப்பில் ஏறிவிடுவார்கள். முப்பது வருஷமாக அந்த ஸ்டியரிங்தான் சோறு போட்டது. அதைவிட, அது கையில் இல்லாவிட்டால் குருவிளா என்ன ஆவார் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை அவள் மூன்று வருஷமாகப் பக்தியோடு செய்துவந்தாள்.

டிசம்பர் பிறந்தது. மூன்றாவது ஜோடியும் வந்தது. இது எல்.இ.டி. பின்பக்கத்தில் சுண்டுவிரல் அளவு மின்விசிறி வைத்த பல்பு. பனிமூட்டத்துக்குப் பழைய மஞ்சள் வெளிச்சம்தான் தோதுப்படும், வெள்ளை எடுத்தால் பனியிலேயே பட்டுத் திரும்பி உங்கள் மூஞ்சியில்தான் அடிக்கும் என்று கடைக்காரன் தன் வியாபாரத்தையும் மறந்து உண்மையைச் சொன்னான். அவனுக்குக் குருவிளாவிடமிருந்து கிடைத்தது ஒரு பார்வை. மஞ்சள் பல்பெல்லாம் ஆட்டோக்காரனுக்கு என்று சொல்லி, இருப்பதில் வெள்ளையாக இருந்ததைக் கேட்டு வாங்கினார். ஸ்டாண்டில் பதினாலு வைத்தியர்களும் கூடி நின்று, பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு, டீக்கடைச் சுவரில் அடித்துப் பார்த்து, வெளிச்சம் பிரமாதம் என்று கையெழுத்துப் போடாத குறையாக ஒப்புக்கொண்டார்கள்.

சாயங்காலம் மலையில் பனி இறங்கியது. விளக்கைப் போட்டதும் முன்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்று எழுந்து நின்றது. ஜீப் போகப் போகச் சுவரும் கூடவே போயிற்று.

"வெளிச்சத்தைப் பாத்தியா?" என்றார் குருவிளா.

"பாத்தேன். அது மட்டும்தான் தெரியுது" என்றாள் ஏலிக்குட்டி.

எதிரே வந்த பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டிக் குருவிளாவையும் அவர் அப்பனையும் சேர்த்து வைதுவிட்டுப் போனான். குருவிளாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவனுக்கே கண் கூசுகிறதென்றால் சாமான் நல்ல சாமான்தான் என்றார். வீடு வரும்வரை ஏலிக்குட்டிக்கு மூச்சு விட நேரமில்லாமல் அருளும் ஆமெனுமாக வாய் உலர்ந்தது.

வீட்டுக்கு வந்து கை கழுவும்போது அவர் சாவதானமாகச் சொன்னார்: "சனிக்கிழமை கரோலுக்கு நம்ம ஜீப்புதான். நீ வீட்டுல இரு, முன் சீட்டு தாத்தாவுக்கு."

அது சரிதான். மேட்டு வார்டின் கிறிஸ்துமஸ் கரோல் இருபத்திரண்டு வருஷமாகக் குருவிளாவின் ஜீப்பில்தான் போகிறது. பின்னால் பாடுகிற பிள்ளைகள், நட்சத்திர விளக்கு, மத்தளம். முன்னால் சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியும் பெருந்தொப்பையுமாகக் கிறிஸ்துமஸ் தாத்தா. அந்தத் தொப்பை பின்னால் நுழையாது. இந்த வருஷம் பதினோரு பிள்ளைகள். பள்ளத்தாக்கின் ஓரமாகவே பதினாலு வீடுகள். ஏலிக்குட்டிக்கு அன்றிரவு தூக்கம் போயிற்று.

அச்சனிடம் சொல்லலாம். சொன்னால் அடுத்த பிரசங்கத்தில் கண்பார்வையைப் பற்றி ஒரு உவமை வரும், அதற்குள் ஒளிந்திருப்பவர் யார் என்று வார்டு முழுக்கக் கண்டுபிடித்துவிடும். பைலியிடம் சொல்வதற்குப் பதில் ஒலிபெருக்கி வைத்தே சொல்லிவிடலாம். சாவியை ஒளித்து வைத்தால், திருப்புளியால் வண்டியைக் கிளப்பத் தெரிந்தவர் அவர். அவரிடமே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது ஜோடி வந்த பிறகுமா இந்தப் பேச்சு என்று அவர் உண்மையாகவே புண்பட்டார்.

வருஷா வருஷம் தாத்தா வேஷம் போடுவது கோயிலில் மணியடிக்கிற கப்பியார் அவுசேப்பு. தலையணை வேண்டாத தொப்பையை ஆண்டவர் அவனுக்கே கொடுத்திருந்தார். சனிக்கிழமை மத்தியானம் ஏலிக்குட்டி, ஒரு வருஷமாகப் பரணில் ஊறிக்கொண்டிருந்த திராட்சை ஒயினில் ஒரு முழுப் புட்டியை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ருசி பார்த்துச் சொல்ல வேண்டும், உன்னைப் போல நாக்கு யாருக்கு இருக்கிறது என்றாள். அவுசேப்பு பொறுப்பானவன். அடிவரைக்கும் ருசி பார்த்தான். ஆறு மணிக்கு மணியடிக்க ஆளைக் காணோம் என்று தேடினால், பூஜை உடுப்பு வைக்கிற அறையில் மெழுகுவர்த்திப் பெட்டியைத் தலைக்கு வைத்துக்கொண்டு சமாதானத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்தான்.

கரோலுக்குத் தலைமை மறைக்கல்வி டீச்சர் கிரேசி. தாத்தா இல்லாமல் எந்த வீட்டில் கதவைத் திறப்பார்கள் என்று அவள் கையைப் பிசைந்தாள். நான் போடுகிறேன் என்றாள் ஏலிக்குட்டி. தாத்தா ஆம்பளையாயிற்றே என்று டீச்சர் இழுத்தாள். பிளாஸ்டிக் முகமூடிக்குள் ஆம்பளை என்ன பொம்பளை என்ன, அவரிடம் மட்டும் சொல்லிவிடாதே, இறக்கிவிட்டுவிடுவார் என்றாள். கிரேசி டீச்சர் ஏன் என்று கேட்கவே இல்லை. ஒரு தலையணையை எடுத்து அவள் வயிற்றில் வைத்துக் கட்டினாள்.

கோயில் முற்றத்தில் அம்மாக்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஜீப் வந்து நின்ற பிறகும் விடவில்லை. முகமூடியின் இரண்டு ஓட்டைகள் வழியாக ஏலிக்குட்டி பார்த்தபோது, டீச்சர் போய் அவர்களிடம் ஏதோ குசுகுசுத்தாள், உடனே கைகள் விட்டன, பிள்ளைகள் ஓடிவந்து ஏறின. பனிக்குல்லாய் விஷயமாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அவுசேப்பே, ஏறிட்டியா?" என்றார் குருவிளா. அவள் கையிலிருந்த மணியை ஒரு தடவை ஆட்டினாள். ஜெபம் சொல்ல முடியாது, குரல் காட்டிக்கொடுத்துவிடும். இடதுக்கு ஒரு மணி, வலதுக்கு இரண்டு மணி என்று அடித்தால் அவருக்கு எப்படியாவது புரியாதா என்ற நம்பிக்கையில்தான் ஏறியிருந்தாள்.

ஜீப் கிளம்பியது. பின்னால் மத்தளமும் பாட்டும் கிளம்பின. முன்னால் சுண்ணாம்புச் சுவர் எழுந்தது. குருவிளா கியரை மாற்றிவிட்டு, தாத்தாவின் காதுப் பக்கமாகச் சாய்ந்து, பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"அவுசேப்பே, ஒரு உதவி செய். வளைவு வந்தா முன்னாடியே சொல்லிரு. பொழுது சாஞ்சா எனக்கு ஒண்ணும் தெரியறதில்ல. எல்லாம் பால் ஊத்தின மாதிரி இருக்கு."

ஏலிக்குட்டியின் கையிலிருந்த மணி அப்படியே நின்றது.

"மூணு வருஷமா அவதான் ஓட்டுறா. ஜெபம் சொல்லிச் சொல்லியே என்னைக் கொண்டுவந்து வீட்டுல சேத்துருவா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்கா பாவம். நீ ஒண்ணும் அவகிட்ட சொல்லிராத, கேட்டியா?"

முகமூடிக்குள் அவள் மூச்சு பட்டு ஓட்டை இரண்டும் புகைந்துபோயின. மூன்று ஜோடி பல்புகள், கண் முகாம் பேச்சு, இஞ்சி கடித்த தொண்டை, ஐம்பத்து மூன்று மணி, எல்லாம் மண்டைக்குள் ஒன்றாக மோதின. கல்லறைத் தோட்டத்து மதில் முடிகிற இடத்தில் ரோடு வலப்பக்கம் திரும்பும். அங்கே இரண்டு மணி அடிக்க வேண்டும் என்பது அவளுக்கு நினைவு வந்தபோது, இடது முன்சக்கரம் தாரை விட்டு இறங்கிவிட்டிருந்தது. புல் சறுக்கியது. குருவிளா பிரேக்கை மிதித்தார். பின்னால் பாட்டு அறுந்தது. மத்தளம் உருண்டு யார் காலிலோ விழுந்தது. ஜீப் சாய்ந்தபடி நின்றது. அதற்கு அந்தப்பக்கம் ஒரு முழம் புல், அப்புறம் ஒன்றும் இல்லை.

ஏலிக்குட்டி முகமூடியைப் பிய்த்து எறிந்தாள்.

"என்ன அவுசேப்பே, சொல்லச் சொன்னேனே" என்றார் குருவிளா. அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். முக்கால் கை தூரம். முப்பது வருஷம் எதிரே உட்கார்ந்து கஞ்சி குடித்த முகம். அதைப் பார்த்து அவுசேப்பே என்கிறார். கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஒரு கணத்தில் கோபமெல்லாம் வடிந்து பயமும் துக்கமும் வந்தன. பிறகு கோபம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. எட்டிச் சாவியைத் திருகி உருவினாள்.

"அவுசேப்பு கோயில்ல தூங்கறான். நான் ஏலி."

இன்ஜின் நின்றுபோன அமைதியில், மூன்றாவது ஜோடி பல்பின் விசிறிகள் மட்டும் ஈ மாதிரி ரீங்கரித்தன. இவ்வளவு நேரம் எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று குருவிளா கேட்டார். அதைவிட நல்ல கேள்வி அவருக்குக் கிடைக்கவில்லை.

"தெரிஞ்சே மூணு ஜோடி பல்பு வாங்கினீங்களா?"

"ஒண்ணும் வாங்காம இருந்தா, கண்ணுதான்னு ஆயிராதா?" என்றார் அவர். கண்ணைக் கீறுவார்கள், கீறி ஒரேயடியாகப் போய்விட்டால் என்ன செய்வது, அவர் அண்ணனுக்கு அப்படித்தான் ஆயிற்று என்றார். அந்த அண்ணன் செத்து இருபது வருஷம் ஆகிறது.

"அவகிட்ட சொல்லாதேன்னீங்க. சரி, சொல்லல. பின்னால பதினோரு பிள்ளைங்க இருக்கு. இறங்கிப் போய் அதுங்ககிட்ட நீங்களே சொல்லுங்க."

அவர் இறங்கினார். ஜீப்பின் உடம்பைத் தடவிக்கொண்டே பின்பக்கம் போனார். அவளும் தொப்பையைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கமாகவே இறங்கிப் பின்னால் போனாள். நட்சத்திர விளக்கின் வெளிச்சத்தில் பதினோரு முகங்களும் கிரேசி டீச்சரின் முகமும் அவரையே பார்த்தன.

"எல்லாரும் இறங்குங்க பிள்ளைங்களா" என்றார் குருவிளா. அப்புறம், "எனக்கு ராத்திரியில கண்ணு தெரியாது" என்றார்.

காணிக்கை டப்பாவை மடியில் வைத்திருந்த ஜின்சி என்கிற மூன்றாம் வகுப்புக்காரி, இதென்ன புதுசா என்கிற தோரணையில் பதில் சொன்னாள். "அது தெரியுமே அங்கிள். ஏலி ஆன்ட்டி முன்னால இருந்தாத்தான் ஏறணும்னு அம்மா சொல்லியிருக்காங்க. இன்னைக்கும் தாத்தா வேஷத்துல ஆன்ட்டிதான் இருக்காங்கன்னு டீச்சர் சொன்னப்புறம்தான் விட்டாங்க."

கிரேசி டீச்சர் பனியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஆக, எல்லோருக்கும் தெரியும். தோட்டத்துப் பெண்கள் சாயங்காலம் முன் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு ஏறியது அதற்குத்தான். பதினாலு வைத்தியர்களுக்கும் தெரியும். மனுஷன் மனம் நோகக் கூடாதே என்கிற மரியாதையில் ஆளுக்கொரு பல்பாகச் சொல்லியிருக்கிறார்கள். பிரசங்கத்தில் அச்சன் பாராட்டிய பக்தியில் எவ்வளவு பக்தி, எவ்வளவு வழிகாட்டல் என்பது அச்சனுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. இத்தனை பேரும் தங்கள் பிள்ளைகளை ஏற்றிவிட்டது குருவிளாவை நம்பி இல்லை. ஏலிக்குட்டியின் வாயை நம்பி.

அவர் மேல் இருந்த கோபம் முழுக்க அங்கேயே திரும்பித் தன் மேல் விழுந்ததை அவள் உணர்ந்தாள். அவள் ஜெபம் சொல்லாதிருந்தால் அவர் என்றைக்கோ ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். அல்லது என்றைக்கோ பள்ளத்தில் கிடந்திருப்பார். எது என்று நிச்சயமாகத் தெரியாத அந்தப் பயத்தில்தான் மூன்று வருஷம் ஓடியிருக்கிறது. வெட்கமாக இருந்தது. சிவப்பு அங்கியோடு நடுரோட்டில் நிற்பதற்கு அல்ல.

ஜின்சியின் கையிலிருந்த டப்பாவின் வாய் அரக்கு வைத்து ஒட்டியிருந்தது, காசு போட மட்டும் ஒரு கீறல். கிறிஸ்துமஸ் காலையில் அச்சன் தன் கையால்தான் திறப்பார். ஏலிக்குட்டி சாவியை அந்தக் கீறலில் விட்டாள். உள்ளே விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"திறக்கறப்போ கேட்டு வாங்கிக்கோங்க. கண்ணாஸ்பத்திரிச் சீட்டோட வந்தாத் தரச் சொல்லுவேன்."

பிள்ளைகள் ஒவ்வொன்றாக இறங்கி மலைப்பக்கமாக வரிசை கட்டின. முதல் வீடு கூப்பிடு தூரம்தான், நடந்தே போகலாம் என்று டீச்சர் சொன்னாள். குருவிளா தயங்கி நின்றார். விளக்கு எரிகிறதே, பேட்டரி போய்விடுமே என்றார்.

"எரியட்டும். நமக்குத்தான் அதனால பிரயோஜனமில்ல. எதிர்ல வர்றவனாவது பாத்து ஒதுங்கட்டும்."

அவர் கையை முன்னால் நீட்டிக் காற்றைத் துழாவினார். அவள் போய் அந்தக் கையைப் பிடித்தாள். ஆசையாகப் பிடிக்கவில்லை, மணிக்கட்டை வலிக்கும்படியே பிடித்தாள். முன்னால் நட்சத்திர விளக்கு போயிற்று, பிள்ளைகள் விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடங்கின. நாலு எட்டில் அந்த வளைவு வந்தது. அவர் வழக்கம்போல ஜெபத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தார்.

"வலது பக்கம் திரும்புங்க" என்றாள் ஏலிக்குட்டி, எல்லோருக்கும் கேட்கும்படியாக.